கீழே போய்ப் பார்க்கிறவள்

நியூ ஜெர்சியில் பார்சிப்பனி என்ற ஊரில் ஷ்யாமளாவைச் சாப்பிடக் கூப்பிடுகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது. அவள் நேராக வாசலுக்கு வரமாட்டாள். காரை நிறுத்தியதும் கணவரையும் மகனையும் முன்னால் அனுப்பிவிட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போவாள். பட்டுப்புடவை கட்டியிருந்தாலும் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு டெக்குக்கு அடியில் குனிந்து நுழைவாள். கைப்பையில் ஒரு சின்ன டார்ச்சும் ஒரு ஸ்க்ரூடிரைவரும் இருக்கும். அண்ணாந்து பார்ப்பாள், இரண்டு இடத்தில் குத்திப் பார்ப்பாள், தூணை உலுக்குவாள். அதற்குப் பிறகுதான் உள்ளே வந்து, "என்ன அஞ்சனா, வத்தக்குழம்பு வாசனை தெரு வரைக்கும் வருது" என்று சிரிப்பாள்.

அந்தப் பக்கத்து வீடுகள் பலவும் சரிவான நிலத்தில் நிற்பவை. முன்னாலிருந்து பார்த்தால் தரையோடு இருக்கும் சமையலறை, பின்னாலிருந்து பார்த்தால் ஒரு மாடி உயரத்தில் இருக்கும். அங்கிருந்து வெளியே நீளும் மரத்தளத்தைத்தான் டெக் என்பார்கள். கோடையில் பாதி வாழ்க்கை அதில்தான் நடக்கும். பார்பெக்யூ, பிறந்தநாள் கேக், துளசித் தொட்டி, சாயங்கால டீ எல்லாம் அங்கேதான்.

ஷ்யாமளா எப்போதும் இப்படி இருந்தவள் இல்லை. திண்டுக்கல்லில் பிறந்து, கோயமுத்தூரில் பிசியோதெரபி படித்து, கல்யாணமாகி நியூ ஜெர்சி வந்து, இங்கே மறுபடியும் பரீட்சை எழுதி வேலைக்குச் சேர்ந்தவள். விழுந்தவர்களை எழுப்பி நடக்க வைப்பது அவள் தொழில். பனியில் வழுக்கியவர்கள், படிக்கட்டில் உருண்டவர்கள், ஏணியிலிருந்து விழுந்தவர்கள் என்று எத்தனையோ பேரைப் பார்த்தவள். வீட்டுக்கு வந்தால் எதுவும் மனதில் நிற்காது. கேஸை மூடினோமா என்று பாதி வழியில் காரைத் திருப்புகிற பழக்கம் அவள் கணவர் சிவராமகிருஷ்ணனுக்குத்தான் உண்டு. அவள் அதைக் கேலி செய்வாள்.

அப்படிப்பட்டவளிடம்தான் கிட்டுசாமி வந்து சேர்ந்தார்.

பல்லடத்துக்காரர். பேரக்குழந்தையைத் தொட்டிலில் போடுகிற விசேஷத்துக்காக மகன் வீட்டுக்கு வந்திருந்தார். பத்துப் பன்னிரண்டு பேர் டெக்கில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, அது சுவரிலிருந்து பெயர்ந்துகொண்டு அப்படியே ஒரு பக்கமாக இறங்கிவிட்டது. மற்றவர்கள் சிராய்ப்போடு தப்பினார்கள். இவருக்கு இரண்டு குதிகால் எலும்பும் நொறுங்கி, முதுகெலும்பிலும் ஒன்று அமுங்கிப்போனது. அறுவை சிகிச்சைகள் முடிந்து, சக்கர நாற்காலியில் தெரபிக்கு வந்தார். தமிழ் பேசத் தெரிந்தவள் என்று அவரை ஷ்யாமளாவுக்குக் கொடுத்தார்கள்.

முதல் நாள் அவர் வலியைப் பற்றிப் பேசவில்லை.

"ஏனுங்க அம்மிணி, நான் மரத்து மேல ஏறுனனா? கூரை மேல ஏறுனனா? வூட்டுக்குள்ளதானுங்க நின்னுட்டிருந்தேன். கையில காப்பி டம்ளர் வெச்சுட்டு நின்னேன்."

"டெக் வீட்டுக்கு வெளியில ஒட்ட வச்சது மாதிரிங்கய்யா."

"எனக்கு அது தெரியாதுங்களே. கதவைத் திறந்து போனா அதும் வூடுதான?"

நடை பழக அவரை இணைகம்பிகளுக்கு நடுவே நிறுத்தினால், காலை எடுத்து வைப்பதற்கு முன் தரையைத் தட்டிப் பார்ப்பார். இது கான்க்ரீட், கீழே ஒன்றும் இல்லை, மண்தான் என்று அவள் எத்தனை தடவை சொன்னாலும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் மிதிப்பார். "வூடே பரிசல்ல போற மாதிரி ஆடுதுங்க அம்மிணி, தூங்கறப்பகூட" என்றார் ஒருமுறை. ஷ்யாமளா அவர் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன் பாதத்துக்குக் கீழேயும் ஏதோ லேசாக அசைந்தது போல அவளுக்கு இருந்தது.

அன்று வேலை முடிந்து வந்தவள் கைப்பையைக்கூட வைக்காமல் தன் வீட்டு டெக்குக்கு அடியில் போய் நின்றாள். அந்த வீட்டுக்கு வந்து எத்தனையோ கோடைகள் போயிருந்தன. புல்வெட்டும் இயந்திரத்தையும் பனி தள்ளும் மண்வெட்டியையும் எடுக்க அங்கே நூறு தடவை போயிருப்பாள். அண்ணாந்து பார்த்ததில்லை. இப்போது பார்த்தாலும் எது சரி, எது தப்பு என்று தெரியவில்லை. எல்லாம் மரமாகவும் ஆணியாகவும் இருந்தது. அதுதான் அவளை அதிகம் உறுத்தியது.

வீடுகளைச் சோதித்துச் சொல்லும் பரிசோதகர் ஒருவரைக் கூப்பிட்டாள். அவர் வந்து வேலை செய்த நேரம் முழுக்க அவர் பின்னாலேயே நின்றாள். டெக்கின் உயிர் எங்கே இருக்கிறது என்று அவர் காட்டினார். வீட்டுச் சுவரோடு சேர்த்துப் பதித்திருக்கும் ஒரு நீளமான பலகை. அதை ஆணியால் மட்டும் அடித்திருந்தால் போதாது, தடித்த போல்ட்டுகளால் இறுக்கியிருக்க வேண்டும். அதற்கு மேலே தகடு மடித்து வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மழையும் பனியும் பலகைக்கும் சுவருக்கும் நடுவில் இறங்கி உள்ளுக்குள்ளேயே மக்க வைத்துவிடும். வெளியே பார்த்தால் பெயின்ட் பளபளப்பாக இருக்கும். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால்தான் தெரியும். நல்ல மரம் முனையைத் தள்ளிவிடும், மக்கிய மரம் உள்ளே வாங்கிக்கொள்ளும்.

அவள் வீட்டில் போல்ட்டுகள் இருந்தன. கைப்பிடிக் கம்பங்கள் சில ஆடின, குறுக்குக் கட்டைகளைத் தாங்கும் இரும்புக் கொக்கிகள் சில துருப்பிடித்திருந்தன. எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார். மாற்றினார்கள். சிவராமகிருஷ்ணன் புதுக் கைப்பிடியை ஆட்டிப் பார்த்துவிட்டு, "போதுமா? இனிமே யானையே வந்து நிக்கலாம்" என்றார்.

போதவில்லை. தன் வீடு சரியானதும் அவளுக்கு நிம்மதி வரும் என்று அவளே நினைத்திருந்தாள். மாறாக, மற்ற வீடுகள் கண்ணில் பட ஆரம்பித்தன. வேலைக்குப் போகும் வழியில் மரங்களுக்கு இடையே தெரியும் ஒவ்வொரு டெக்கும் அவளைக் கூப்பிட்டது. சிக்னலில் பச்சை விழுந்தும் பார்த்துக்கொண்டே நிற்பாள், பின்னால் ஹாரன் அடிப்பார்கள். ஒரு விருந்தில் உட்கார்ந்தால் பேச்சு காதில் விழாது. எத்தனை பேர் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்றே மனசு கணக்குப் பார்க்கும். குழந்தைகள் ஓடினால் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிடுவாள். ஆகவேதான் அந்தப் பழக்கம் வந்தது. முதலில் கீழே போய்ப் பார்த்துவிட்டால் மேலே வந்து சாப்பாட்டை விழுங்க முடியும்.

சிலர் கேட்டுக்கொண்டார்கள். கோயில் கமிட்டியில் இருந்த முகிலன் அவள் சொன்ன மறுவாரமே ஆளைக் கூப்பிட்டுப் படிக்கட்டைச் சரிசெய்தார். சிலர், "வாடகை வீடு ஆன்ட்டி, ஓனர்தான் பாக்கணும்" என்று நழுவினார்கள். பிள்ளைகள் அவளுக்கு 'டெக் ஆன்ட்டி' என்று பேர் வைத்தார்கள். பதினோராம் வகுப்பில் இருந்த அவள் மகன் ரோஹனுக்கு அதுதான் தாங்கவில்லை. வளைகாப்பு ஒன்றுக்குப் போன இடத்தில், கிளம்பும்போதும் ஒருமுறை பார்த்துவிட்டு, தாம்பூலப் பையும் டார்ச்சுமாக அவள் டெக்குக்கு அடியிலிருந்து வெளியே வந்ததை யாரோ படம் எடுத்து நண்பர்களுக்குள் சுற்ற விட்டிருந்தார்கள்.

"அம்மா, எவ்ரிபடி திங்க்ஸ் யூ ஆர் வியர்ட்" என்றான்.

"நெனச்சுக்கட்டும்."

"அண்ட் மீ?"

அவள் டார்ச்சின் பேட்டரியை மாற்றப் போய்விட்டாள்.

அஞ்சனா அவளுடைய நெருங்கிய தோழி. ஒருவர் வீட்டுச் சாவி மற்றவரிடம் இருக்கும். ரோஹனும் அஞ்சனாவின் மகன் ஆர்யனும் ஒரே வகுப்பு. அஞ்சனாவின் மூத்த பெண் ஸ்ம்ருதி கல்லூரியை முடித்து, சான் ஹோசேயில் வேலையும் வாங்கியிருந்தாள். ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் பெரிய விருந்து.

"இன்னிக்கு ஒரு நாள்" என்றார் சிவராமகிருஷ்ணன் காரில். "அஞ்சனா வீடு. ஸ்ம்ருதியோட நாள். நீ கீழ போகக் கூடாது."

"அவ வீட்டுல நான் சரியா பாத்ததே இல்லீங்க. அடியில சாமான் அடச்சு வச்சிருக்கா. சொன்னா அப்புறம் பாக்கலாம்னு தள்ளிப் போடறா."

"அப்புறம் பாரு. இன்னிக்கு வேண்டாம். ப்ராமிஸ் பண்ணு."

பின் சீட்டில் ரோஹன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவள் பதிலுக்காகக் காத்திருந்தான். அதைக் கண்ணாடியில் பார்த்தவள், கைப்பையிலிருந்து டார்ச்சையும் ஸ்க்ரூடிரைவரையும் எடுத்து டாஷ்போர்டுக்குள் வைத்து மூடினாள்.

அவள் வாக்கைக் காப்பாற்றத்தான் பார்த்தாள். சமையலறையிலேயே நின்றாள். வடை தட்டிக் கொடுத்தாள், காகிதத் தட்டுகளைப் பிரித்து வைத்தாள், யார் யாருக்கோ மோர் ஊற்றினாள். வெளியே டெக்கில் சத்தம் ஏறிக்கொண்டே போனது. இசை போட்டார்கள். இளசுகள் குதிக்கும்போது மேசைமேல் இருந்த டம்ளர்கள் மெல்ல உரசிக்கொண்டன. அவள் கரண்டியை இறுகப் பிடித்துக்கொண்டு முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

"ஷ்யாமளா, ஐஸ் தீந்து போச்சு. கீழ கூலர்ல இருக்கு, கொஞ்சம் எடுத்துட்டு வரியா?" என்றாள் அஞ்சனா. கூலர்ப் பெட்டியை நிழலுக்காக டெக்குக்கு அடியில்தான் வைத்திருந்தார்கள். விருந்துக்காக அங்கிருந்த சாமான்களையும் ஒழித்திருந்தார்கள்.

ஷ்யாமளா பேஸ்மென்ட் வழியாக இறங்கிப் போனாள். பார்க்கக் கூடாது என்றுதான் குனிந்து ஐஸை அள்ளினாள். அப்போது அவள் கையில் மரத்தூள் போல ஏதோ உதிர்ந்தது. மேலே ஒரு குதி. மறுபடியும் உதிர்ந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

சுவர்ப் பலகை முழுக்கக் கறுப்பாக ஈரம் ஓடியிருந்தது. போல்ட் ஒன்றுகூட இல்லை, எல்லாம் ஆணி. ஒரு ஓரத்தில் பலகை சுவரைவிட்டு விலகியிருந்தது. அந்த இடைவெளியில் அவள் விரலை விட்டாள், விரல் போனது. மேலே கால்கள் அசைந்தபோது இடைவெளி விரலைக் கவ்விப் பின் விட்டது.

அதே நேரம் புல்தரையில் கேமராவோடு நின்ற ஒருவர் மேலே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். "எல்லாரும் வாங்க, உள்ள இருக்கறவங்களையும் கூப்பிடுங்க. குரூப் போட்டோ. நெருக்கமா நில்லுங்க."

ஷ்யாமளா ஐஸைப் போட்டுவிட்டு மேலே ஓடினாள். அஞ்சனா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு டெக்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"அஞ்சனா, போகாத. எல்லாரையும் உள்ள வரச் சொல்லு. பலகை சுவத்த விட்டு வந்துடுச்சு."

அஞ்சனா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னிக்குக்கூட போய்ப் பாத்தியா?"

"நீதான் ஐஸ் எடுக்க அனுப்பின. நான் வெளயாடல, விரல் உள்ள போகுது."

"ஒரு போட்டோ ஷ்யாமளா. ரெண்டு நிமிஷம். இன்னிக்காவது விடேன்." அவள் கதவைத் தாண்டிப் போய்விட்டாள். உள்ளே இருந்தவர்களும் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள்.

ஷ்யாமளா மறுபடி கீழே இறங்கி, புல்தரையில் கேமராக்காரருக்கு முன்னால் போய் நின்றாள். மேலே கைப்பிடி நெடுக முகங்கள். நடுவில் பட்டமளிப்பு அங்கியோடு ஸ்ம்ருதி. சிவராமகிருஷ்ணனும் அங்கேதான் நின்றார். நோயாளிகளிடம் பேசுகிற குரலில், உரக்க, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்:

"இந்த டெக் சேஃப் இல்ல. யாரும் ஓட வேண்டாம். கதவுகிட்ட இருக்கறவங்க ஒவ்வொருத்தரா உள்ள போங்க. படிகிட்ட இருக்கறவங்க இறங்குங்க."

இசை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ சிரித்தார்கள். 'டெக் ஆன்ட்டி' என்று ஒரு குரல் கேட்டது. அஞ்சனாவின் முகம் சிவந்துபோனது. அவள் கணவன் ஸ்ரீநிவாஸ், "போட்டோ எடுத்துட்டுப் பாத்துக்கலாம் ஷ்யாமளா" என்று சிரித்துச் சமாளித்தான். யாரும் நகரவில்லை.

ஷ்யாமளாவின் கண்கள் மகனைத் தேடின. ஆர்யனோடு ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான். ஊரே பார்க்க அவனுக்கு அவமானமாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் கூப்பிட்டாள்.

"ரோஹன். நீ இறங்கு."

அவன் அவளையே பார்த்தான். பிறகு குனிந்து தன் காலடியைப் பார்த்தான். ஆர்யனின் தோளைத் தொட்டு, "லெட்ஸ் கோ டவுன், மேன்" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் படியில் இறங்கினான். ஆர்யன் இறங்கினான். அவர்கள் கூட்டம் இறங்கியது. பிள்ளைகள் போனதும் தாய்மார்கள் நகர்ந்தார்கள், முணுமுணுத்துக்கொண்டே மற்றவர்களும். கடைசியாக ஸ்ம்ருதியும் அஞ்சனாவும் உள்ளே போனார்கள். அதுவரை ஷ்யாமளாவுக்கு மூச்சு சீராக வரவில்லை. காலியான டெக்கைப் பார்த்த பிறகும் வரவில்லை.

ஸ்ரீநிவாஸ் கீழே வந்து பலகையைத் தடவிப் பார்த்தான். "இது ரொம்ப நாளா இப்படித்தான் இருக்கு. வீடு மண்ணுல அமுங்கி செட்டில் ஆகும்போது இப்படி வரும்" என்றான். ஆனால் அவனும் மேலே போகவில்லை. சாப்பாட்டைப் புல்தரைக்கு மாற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் தூறல் வந்து, அத்தனை பேரும் பேஸ்மென்ட்டில் தட்டோடு நெருக்கியடித்து நின்றார்கள். கேக் வெட்டியபோது அஞ்சனா ஷ்யாமளா நின்ற பக்கமே திரும்பவில்லை. புறப்படும்போது மட்டும் வாசல்வரை வந்து சொன்னாள்:

"என் பொண்ணுக்கு ஒரு நாள். அதையும் உன்னோட நாளா ஆக்கிட்ட."

திரும்பும்போது, கார் ஹைவேயில் ஏறிய பிறகு சிவராமகிருஷ்ணன், "நீ சொன்னது சரியாவே இருக்கலாம். சொன்ன விதம்…" என்று ஆரம்பித்தார்.

"இட் வாஸ் மூவிங், அப்பா" என்றான் ரோஹன் பின்னாலிருந்து. "ஐ ஃபெல்ட் இட்."

அவர் கண்ணாடியில் மகனை ஒருமுறை பார்த்துவிட்டு வைப்பரைப் போட்டார்.

கோடை முழுக்க அஞ்சனா கூப்பிடவில்லை. வாட்ஸ்அப் குழுவில் ஷ்யாமளா ஏதாவது போட்டால் பதில் வராது. நவராத்திரிக்குப் பல வீடுகளிலிருந்து அழைப்பு வந்தது, அஞ்சனா வீட்டிலிருந்து வரவில்லை. இன்னும் சிலரும் மெல்ல விலகியிருந்தார்கள். அவளைக் கூப்பிட்டால் என்ன சொல்வாளோ என்ற பயம். ஷ்யாமளாவுக்கு அது வலித்தது. ஆனால் அந்த வலியைவிட வேறொன்றுதான் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தது. அந்தப் பலகையை யாராவது பார்த்தார்களா? ஆர்யன் நண்பர்களோடு மறுபடி அங்கே ஏறுகிறானா? ரோஹனிடம் தினமும் கேட்டாள். "தே கீப் த டோர் லாக்ட்" என்று அவன் சொன்னால், மறுநாளும் கேட்பாள்.

கிட்டுசாமி இதற்குள் வாக்கரைப் பிடித்து நடக்க ஆரம்பித்து, ஊருக்குக் கிளம்பினார். கடைசி நாள் அவர் மகன் அழைத்துப் போக வந்திருந்தான். பெரியவர் தரையைத் தட்டாமல் நாலு எட்டு வைத்தார், ஐந்தாவதில் தட்டினார்.

"இந்தப் பயம் போவாதுங்க அம்மிணி" என்றார், குறை சொல்கிற குரலில் இல்லை. "பல்லடம் போயி மண்ணு தரையில நின்னாக்கூட போவாதுன்னுதான் நெனைக்கறேன். அதுக்காவ நடக்காம இருக்க முடியுங்களா?"

இலைகள் சிவந்து உதிர்கிற அக்டோபரில், ஒருநாள் வேலை முடிந்து வரும்போது அவள் கை தானாக அஞ்சனாவின் தெருவுக்குக் காரைத் திருப்பியது. இப்படி அவள் அடிக்கடி வருவதுண்டு, நிறுத்தாமல் போய்விடுவாள். அன்று நிறுத்தினாள். வீட்டு முன்னால் பழைய மரம் குவிந்து கிடந்தது. ஆணிகள் துருத்திக்கொண்டிருந்த கறுத்த பலகைகள். பின்பக்கத்திலிருந்து ரம்பம் ஓடும் சத்தம் வந்தது.

அவள் இறங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அஞ்சனா வெளியே வந்துவிட்டாள். இருவரும் அந்தக் குவியலுக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள்.

"கான்ட்ராக்டர்கிட்ட கேட்டேன்" என்றாள் அஞ்சனா, மரத்தைப் பார்த்துக்கொண்டே. "அன்னிக்கு விழுந்திருக்குமான்னு. சொல்ல முடியாதுன்னுட்டான். இன்னும் ரெண்டு வருஷம் நின்னிருக்கலாம், அன்னிக்கே போயிருக்கலாம்னான்."

"ம்."

"விழுந்திருக்கும்னு சொல்லியிருந்தா உன்கிட்ட வந்திருப்பேன். விழுந்திருக்காதுன்னு சொல்லியிருந்தா சண்டைக்கு வந்திருப்பேன். ரெண்டும் இல்லாம சொல்லிட்டான்." இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "நீ என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாம்."

"சொன்னேன்."

"ஆமா. சொன்ன." அஞ்சனா காலால் ஒரு சில்லைத் தள்ளினாள். "உள்ள வா. டீ போடறேன்."

சமையலறையில் உட்கார்ந்தார்கள். டீயில் இஞ்சி அதிகமாக இருந்தது. ரோஹனின் கல்லூரி விண்ணப்பம், ஆர்யனின் டிரைவிங் டெஸ்ட் என்று பேச்சு தொட்டுத் தொட்டு நகர்ந்தது. எதுவும் முழுசாக ஒட்டவில்லை, ஆனால் நிற்கவும் இல்லை. நடுவில் ஸ்ம்ருதி வீடியோவில் கூப்பிட்டாள். அம்மாவுக்குப் பக்கத்தில் ஷ்யாமளாவைப் பார்த்ததும் ஒரு கணம் தடுமாறிவிட்டு, "ஹாய் ஆன்ட்டி" என்றாள். அப்புறம், "ஆக்சுவலி ஆன்ட்டி, கேன் யூ லுக் அட் சம்திங்?" என்று போனோடு எழுந்து நடந்தாள்.

சான் ஹோசேயில் அவள் புதிதாகக் குடிபோன அடுக்ககத்தின் மூன்றாவது மாடி பால்கனி அது. ஓரத்தில் சிமென்ட் பூச்சு வெடித்து, துருக்கறை ஒன்று கோடாக இறங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை ஆபீஸ் நண்பர்கள் வருகிறார்களாம்.

ஷ்யாமளா வாயைத் திறப்பதற்குள் அஞ்சனா போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீ அது மேல நிக்காத, மொதல்ல உள்ள வா" என்றாள். "கீழ ரெண்டாவது மாடி வீட்டுல கேட்டுட்டு, அங்க போய் அடியில இருந்து காட்டு. இப்பவே போ, நாங்க லைன்லயே இருக்கோம்."